ஜி-க்குக் கொஞ்சம் மேலே

செல்லூரில் மின்சாரம் ஒரு சுரத்தில் முனகுகிறது.
இன்வெர்ட்டர் பழுது பார்க்கும் எனக்கு
பதினொரு வருஷமாகத் தெரியும் அதை,
பெயர்தான் தெரியாது.
குணசீலிதான் சொன்னாள், ஜி-க்குக் கொஞ்சம் மேலே
என்று,
டிரான்ஸ்பார்மர் கம்பத்தடியில் ஸ்கூட்டரில் உட்கார்ந்து
கிடாரின் முறுக்காணியைத் திருகித் திருகி.
"ஊரு நம்ம சுருதிக்கு வராது.
நாம போயிருவோம்."

நரிமேட்டுத் தேவாலயத்தில் பாடகர் குழுவுக்குப் பின்னால்
நாலே கார்டை வைத்துப் பன்னிரண்டு வருஷம் ஓட்டியவள்
ஆறு கம்பியையும்
மின்வாரியத்திடம் ஒப்படைத்த நாள் அது.

என் பங்கு இரைச்சல்.
மடிக்கணினியில் ற விழாது.
தறி ஒன்று, தறி இரண்டு என்று
நான் பதிந்த விசைத்தறிச் சத்தமெல்லாம்
தரி ஒன்று, தரி இரண்டு என்றே கிடந்தன.

கூடல்நகர் யார்டில்
இரண்டு வேகன்கள் முட்டிக்கொண்டதை
பதினாறு மடங்கு இழுத்துப் பார்த்தேன்:
யானைமலை புரண்டு படுத்தது.
குணசீலி ஒரு மத்தியானம் முழுக்கச் செதுக்கிய மெட்டை
மணல் மணலாய் நொறுக்கி
தரைப்பாலத்தடி ஓடைச் சத்தத்தில் கொட்டினேன்.
வைகைக்கு மணல் திரும்ப வந்தது
அந்த ஒரு தடவைதான் என்றேன்.

அவள் சிரிக்கவில்லை.
"என் மெட்டு எங்க?"
"இருக்கு. அடியில."
"செத்தவங்களச் சொல்ற மாதிரி சொல்ற."
அதன்பின் இருபது நாள்
அவள் கூப்பிடவும் இல்லை,
நான் கூப்பிட்டு அவள் எடுக்கவும் இல்லை.

வந்தாள். காரணம் சொல்லவில்லை.
தறிக்கூடத்து வாசலில் ஸ்டூலைப் போட்டு
"பதி, எதையும் நொறுக்காத" என்றாள்.
உள்ளே எட்டுத் தறி.
வெளியே ஒரு கம்பி, மெல்ல, திரும்பத் திரும்ப,
கூட்டத்தில் தொலைந்தவரைத் தேடுவது போல் அல்ல,
கூட்டத்தோடு தானும் நடப்பது போல.
ஏழாவது நிமிஷம் கரண்ட் போனது.

எட்டுத் தறியும் ஒரே மூச்சில் சாகவில்லை,
ஒவ்வொன்றும் தன் கடைசி அடியைத்
தனித்தனியே அடித்துக்கொண்டது.
பிறகு எவரோ ஒரு பெண் சிரித்தாள்.
எங்கோ குக்கர்.
மின்சாரம் இல்லாத தெருவில்
மின்சாரத்தின் சுருதியில்
ஒரு கிடார் மட்டும்.

அவள் நிறுத்தவில்லை.
என் பதிவுப்பெட்டிக்கு பேட்டரி இருந்தது.

பதினாலு நிமிஷம் கழித்துக் கரண்ட் வந்தபோது
கம்பி வெயிலில் சற்றே தளர்ந்திருந்தது.
இரண்டும் ஒன்றையொன்று உரசி
வவ், வவ், வவ் என்று ஒரு அலை.
அதை நாங்கள் இருவருமே செய்யவில்லை.

ஷிப்ட் இடைவேளையில் முத்திருளாயி கேட்டாள்,
தலையில் பஞ்சு, பஞ்சுக்கு மேல் என் ஹெட்போன்.
கண்ணை மூடவெல்லாம் இல்லை.
டீயை ஆற்றிக்கொண்டே கேட்டாள்.
"இந்தா சிரிக்கிறது நாந்தேன்.
கரண்டு போனா எனக்குச் சிரிப்பு வரும்."
அப்புறம் நெற்றி சுருங்கியது:
"நாலாந்தறியில நாடா அடி வாங்குது.
மொதலாளிட்டச் சொன்னியா இல்லையா?"
கிடாரைப் பற்றிக் கேட்டோம்.
"அதுபாட்டுக்கு இருக்கு" என்றாள்.
ஆல்பத்துக்கு இதுவரை கிடைத்த ஒரே விமர்சனம்.
குணசீலி அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள்.

மறுவாரம் நாடாவை மாற்றிவிட்டார்கள்.
அந்தத் தட்டுக்கெட்ட அடி இனி
தரி நான்கில் மட்டும் கேட்கும்.

ஞாயிறு ஆராதனைக்கு
அவள் கம்பிகளை இறக்க மறந்துபோனாள்.
முதல் கீர்த்தனை அவள் கையிலிருந்துதான் தொடங்கியது,
மொத்தச் சபையும்
செல்லூர் மின்சாரத்தின் சுருதியில் எழுந்து நின்று பாடியது.
கீபோர்டு வாசிக்கும் பையன் மட்டும்
தன் பெட்டியைத் தட்டித் தட்டிப் பார்த்தானாம்,
கடையில் கொண்டுவந்து என்னிடம் நீட்டுகிறான்,
அண்ணே, இதுல ஏதோ கோளாறு.